லிங்க் வகுப்பில் ஆங்கிலத்தோடு கணினியையும் கேட்டுப் பெறுங்கள்

கனடாவின் ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலருக்குத் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் தெரியாது. மகளுக்குத் தெரியும், இல்லையென்றால் பேரனுக்குத் தெரியும். குடிவரவுத் திணைக்களத்தின் கடிதமும் வங்கியின் அறிவித்தலும் அந்தப் பெட்டிக்குள்தான் வந்து விழுகின்றன. வாழ்நாள் முழுவதும் தன் கடிதத்தைத் தானே பிரித்துப் படித்த ஒருவர், பேரன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. இவர்களில் பலர் இலவச ஆங்கில வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள். அந்த வகுப்பின் வழியாகவே கணினிப் பழக்கத்தையும் பெறலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாம் லிங்க் (LINC) என்று சொல்வது, புதிதாக வந்தவர்களுக்காகக் கனடா மத்திய அரசு 1992 முதல் நடத்திவரும் மொழிப் பயிற்சித் திட்டம். கட்டணம் இல்லை. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களும் சேரலாம். பாடசாலை வயதைத் தாண்டியிருக்க வேண்டும். குடியுரிமை எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால் "முதலில் வேலை, பிறகு வகுப்பு" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். சூப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் வருகை விசாவில், வந்திருப்பவர்கள் வருகையாளர்கள் என்பதால் லிங்கில் சேர முடியாது. அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் லிங்க் கிடையாது. ஆனால் ஒன்ராறியோவில் மாகாண அரசின் பணத்தில் பள்ளிச் சபைகள் நடத்தும் ஆங்கில வகுப்பு இப்படி முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு உண்டு. குடியுரிமை பெற்றவர்களுக்கும் உண்டு.

வகுப்புக்கு முன் மதிப்பீடு நடக்கும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்த்து, 12 படிகள் கொண்ட கனடிய மொழி அளவுகோலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வார்கள். இது பரீட்சை அல்ல, தோல்வி என்பதே இல்லை. பலரும் இங்கேதான் ஒரு நல்ல வாய்ப்பைக் கைநழுவ விடுகிறார்கள். "வீட்டில் கணினி இருக்கிறதா, இணையவழி வகுப்பில் சேர முடியுமா" என்று கேட்டால், கௌரவம் பார்த்து "ஆம்" என்று தலையாட்டிவிடுகிறோம். பிறகு மகனின் பழைய கைத்தொலைபேசியில், விரல் நகம் அளவு எழுத்தில் பாடம் பார்த்துக் கண் எரிந்து, இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறோம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கணினி இல்லை, சுட்டியைப் பிடித்துப் பழக்கமில்லை, நேரில் வரும் வகுப்பே வேண்டும் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. வகுப்பை அவர்கள் தெரிவு செய்வதே அந்தப் பதிலை வைத்துத்தான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். தன் தாய்மொழியிலும் எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனி எழுத்தறிவு வகுப்பு இருக்கிறது. தமிழில் பத்திரிகை படிப்பவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். ஆங்கிலம் வரவில்லை என்பதும் கணினி பழக்கமில்லை என்பதும் எழுத்தறிவின்மை ஆகிவிடாது. தமிழில் எத்தனையாம் வகுப்புவரை படித்தீர்கள் என்பதை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

பல லிங்க் நிலையங்களில் கணினி அறை இருக்கிறது. 2020 தொற்றுக் காலத்துக்குப் பிறகு, நேரில் நடக்கும் வகுப்புகள் பலவற்றிலும் அவெனியூ என்ற இணையத் தளத்தில் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். அதற்குள் நுழையக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் உதவி கேட்டு உங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். மகனின் முகவரியைக் கொடுக்காதீர்கள். சில நிலையங்கள் மடிக்கணினியை இரவலாகத் தருகின்றன, கேட்பவருக்குத்தான் கிடைக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் வகுப்பு நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வசதி எந்த நிலையத்தில் இருக்கிறது என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு பழகுவதற்கு நூலகம் இருக்கிறது. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள். முகவரிச் சான்றோடு போனால் இலவசமாக அட்டை தருவார்கள். கணினியில் அமரலாம், கணினிப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. சூப்பர் விசாப் பெற்றோருக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அச்செடுக்க மட்டும் சில்லறை வேண்டும்.

வீட்டு இணையத்துக்கு மத்திய அரசின் 'குடும்பங்களை இணைத்தல்' ஏற்பாடு உதவும். 2018இல் மாதம் 10 டாலர் சேவையாகத் தொடங்கியது. 2022இல் இதைவிட வேகமான 20 டாலர் சேவையும் சேர்ந்தது. கனடா பிள்ளைகள் உதவித்தொகையை உச்ச அளவில் பெறும் குடும்பங்களுக்கும், முதியோருக்கான உத்தரவாத வருமானக் கூடுதல் தொகையை உச்ச அளவில் பெறுபவர்களுக்கும் இது உரியது. தகுதி உள்ளவர்களுக்கு அரசிடமிருந்து குறியீட்டு எண்ணோடு கடிதம் வரும். அந்த எண் இருந்தால்தான் சேவையில் சேரலாம். விளம்பரக் கடிதம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

குடியுரிமைக்கும் இதெல்லாம் உதவும். 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்கள் பேசுதலிலும் கேட்டலிலும் கனடிய மொழி அளவுகோலின் 4ஆம் படியை எட்டியதைக் காட்ட வேண்டும். லிங்க் சான்றிதழ் அதற்குச் செல்லும். பணம் கட்டித் தனியாக மொழித் தேர்வு எழுதத் தேவையில்லை. குடியுரிமைத் தேர்வில் 20 கேள்விகள், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதை இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே, கமரா உள்ள கணினியில் எழுதுகிறார்கள். பதில் தெரிந்தும், எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கை நடுங்கினால் அது எத்தனை பெரிய அநியாயம்! 55 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் இந்த மொழிச் சான்றும் தேர்வும் தேவையில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஒன்ராறியோவில் 211 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அருகிலுள்ள மொழி மதிப்பீட்டு நிலையத்தை அவர்கள் சொல்வார்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது நிரந்தர வதிவிட அட்டையையோ பாதுகாப்பு வழங்கப்பட்ட கடிதத்தையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.