அகதி, ஏதிலி, இடம்பெயர்ந்தோர்: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

ஊரைவிட்டு ஓடிவந்தவர் யாராக இருந்தாலும் 'அகதி' என்று எழுதிவிடும் பழக்கம் நம் செய்தித்தாள்களில் இருக்கிறது. மக்கள்தொகைப் புவியியலில் இவை வெவ்வேறு சொற்கள். ஒருவருக்கு எந்தச் சொல் கிடைக்கிறது என்பதை வைத்தே அவருக்கு என்ன பாதுகாப்பு என்பதும் முடிவாகிறது. அதனால் இதில் கவனம் வேண்டும் என்பேன்.

அகதி வடசொல். 'கதி' என்றால் செல்லும் வழி, சேருமிடம், பற்றுக்கோடு. 'நீயே கதி' என்று சாமியிடம் சொல்கிறோமே, அதே கதிதான். முன்னால் இன்மையைக் காட்டும் 'அ' சேர்ந்தால் போக்கிடம் இல்லாதவர். 'அகதிக்கு ஆகாயமே துணை' என்ற பழமொழி, நாதியற்ற ஏழையைப் பற்றியது. போரும் எல்லையும் முகாமும் அந்தச் சொல்லில் பிற்பாடு வந்து ஏறியவை.

ஐரோப்பியச் சொல் வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. லத்தீனில் 'ரெஃபூகியம்' என்றால் புகலிடம். 1685-இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, நாந்த் ஆணையை ரத்துசெய்து, ஹியூகனோக்கள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். இங்கிலாந்துக்குத் தப்பி வந்த அவர்களைச் சொல்லித்தான் 'ரெஃப்யூஜி' ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. புகல் தேடி வந்தவர் என்கிறது அந்தச் சொல். புகலே அற்றவர் என்கிறது நாம் எடுத்துக்கொண்ட சொல்.

சட்டத்தில் இதற்கு வரையறை கொடுத்தது 1951 ஜூலை 28-இல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கை. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. முதலில் இது 1951-க்கு முன் நடந்த நிகழ்வுகளால் வந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது; 1967 நெறிமுறை அந்த வரம்பை நீக்கியது. புகல் கேட்டு விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடக் கோரிக்கையாளர். ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர் பேச்சில் 'அசைலம் அடிச்சவர்'.

வரையறையில் உள்ள 'நாட்டுக்கு வெளியே' என்பதுதான் முக்கியம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது பெரும்பாலோர் போய்ச்சேர்ந்தது புத்தளம். 1995 அக்டோபர் 30-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி மக்கள் மழையில் நனைந்தபடி, சைக்கிளிலும் தலையிலும் மூட்டைகளோடு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிப் பகுதிக்கு நகர்ந்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் இலங்கை எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அகதிகள் ஆகவில்லை, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். அவர்களுக்கென ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்ததே 1998-இல்தான், அதுவும் எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாத நெறிகள். யாழ்ப்பாணத்தில் இன்றும் '95 இடப்பெயர்வு' என்றுதான் காலத்தைக் குறிக்கிறார்கள். 'இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியில இருந்தனாங்கள்' என்று அவர்கள் சொல்வது வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது.

புலம்பெயர்தல் மிகப் பழைய சொல். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் 'புலம்பெயர் மாக்கள்' கலந்து இனிது உறைந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அவர்கள் வணிகத்துக்காக வந்தவர்கள். ஈழத்தில் இன்று இந்தச் சொல்லுக்குக் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்கள் என்பதே பொருள். தமிழ்நாட்டிலோ 'புலம்பெயர் தொழிலாளர்' என்றால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். பிழைப்புக்கான பெயர்வு என்பதால் தமிழ்நாட்டு வழக்குதான் பட்டினப்பாலைக்கு அருகில் இருக்கிறது.

அகதிக்குத் தனித்தமிழில் 'ஏதிலி' என்று எழுதுகிறார்கள். ஒன்றும் இல்லாதவர் என்று அதற்கு விளக்கம் தருவோர் உண்டு. ஆனால் 'ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின்' என்ற குறளில் ஏதிலார் என்பது அயலாரை. உயிர் தப்பி வந்தவரை அயலார் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 'புகல்' என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. சீர்காழிக்குப் புகலி என்றொரு பெயர். தேவர்கள் சிவனிடம் புகல் அடைந்த ஊர் என்பது தலவரலாறு. ஐரோப்பா சென்ற ஈழத்தவர் தங்கள் எழுத்தைப் 'புகலிட இலக்கியம்' என்றே அழைத்தார்கள். பொதுப் பேச்சுக்குப் 'புகல் தேடி வந்தோர்', சட்டம் பற்றி எழுதும்போது 'அகதி' என்பது என் தேர்வு.

இந்தச் சொற்களில் எதுவும் சரியாகப் பொருந்தாதவர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மண்டபம் முகாம், ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களைத் தங்கவைத்த இடமும் அதுவே. 1951 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதனால் தாயும் தகப்பனும் இலங்கையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், இங்கே பிறந்து இங்கே படித்து எந்த எல்லையையும் தாண்டாத பிள்ளையும் அகதி என்றே வளர்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இந்த அகதிகள் முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடியுரிமையோ ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது.