ஜீப்புக்கு லாரி ஆக்ஸில் பொருந்துமா?

செட்டிநாட்டுப் பக்கம் ஜீப்பின் முன் ஆக்ஸில், அதாவது முன்சக்கரங்களைச் சுற்றும் அச்சு, சேற்றுக்குள் உடைவது குறைவு. சேற்றை விட்டு மேலே ஏறும்போதுதான் உடையும். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் என்று எந்தப் பக்கம் போனாலும் தரை இரண்டு வகை. மேட்டில் செம்மண்ணும் செம்புறாங்கல்லும்; காய்ந்திருந்தால் டயரை விடாமல் பிடிக்கும். பள்ளத்தில் கண்மாய், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உள்ளே இறங்கினால் களிமண்ணில் நான்கு சக்கரமும் வழுக்கும். ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை விடாமல் மிதிப்பார். சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். அப்படிச் சுற்றிக்கொண்டே ஒரு முன்சக்கரம் கரையின் சரளையைத் தொட்டதும் பிடிப்பு சட்டென்று ஏறிவிடுகிறது. டக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஜீப் பின்சக்கரங்களை நம்பித்தான் வீடு திரும்ப வேண்டும்.

இந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அடுத்து வரும் யோசனை, பழைய லாரியின் முன் ஆக்ஸிலை வாங்கி மாட்டினால் என்ன என்பதுதான். நல்ல யோசனை, நான் அதன் பக்கம்தான். ஆனால் ஆக்ஸில் தனியாக வருவதில்லை. கியர் விகிதம், அகலம், ஸ்டியரிங் கோணம், பிரேக், சக்கரத்தின் போல்ட் எண்ணிக்கை எல்லாம் அதோடு சேர்ந்து வரும். வாங்கிய பலத்தை இந்தக் கணக்குகள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் முறுக்குவிசையைப் பார்ப்போம். ஜீப்பின் என்ஜின் 150 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்கும். விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.5 மடங்கு. ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் 4.88 மடங்கு. பெருக்கினால் 7,320 வருகிறது. இவ்வளவும் சக்கரத்துக்குப் போய்ச் சேருமா? சேராது. தரையைப் பிடிக்கிற அளவுக்குத்தான் சக்கரம் விசையை வாங்கும். ஒரு முன்சக்கரத்தின்மேல் 350 கிலோ எடை, டயரின் ஆரம் 36 செ.மீ., காய்ந்த சரளையில் உராய்வுக் கெழு 0.8 என்றால் அந்தச் சக்கரம் வாங்குவது ஏறக்குறைய 990 நியூட்டன் மீட்டர். சேற்றில் கெழு 0.3 என்று வைத்தால் 370தான்.

ஆகவே சேற்றில் ஆக்ஸில் பிழைத்துக்கொள்கிறது. பிடிப்பு வந்ததும் மாட்டிக்கொள்கிறது. பெரிய டயர் போட்டால் ஆரம் கூடும், அதோடு ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஷாஃப்டின் சுமையும் கூடும். பள்ளத்தில் குதித்து இறங்கும் சக்கரத்தின்மேல் அந்த நொடிக்கு எடை இரண்டு மடங்கானால் சுமையும் இரண்டு மடங்கு. கல் இடுக்கில் சக்கரம் சிக்கிக்கொண்டாலோ உராய்வுக் கணக்கே செல்லாது. அந்தக் கணக்கை மிஞ்சிய விசையும் ஷாஃப்டின் தலையில்தான் விழும்.

லாரி ஆக்ஸிலின் அருமை இங்கேதான். ஷாஃப்ட் தாங்கும் முறுக்கு, அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 28 மி.மீ. ஷாஃப்டுக்குப் பதிலாக 35 மி.மீ. ஷாஃப்ட் என்றால் விட்டம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. தாங்கும் திறனோ 1.25 × 1.25 × 1.25, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பார்வைக்குச் சுண்டுவிரல் அகலம்கூட வித்தியாசம் இருக்காது.

முன் ஆக்ஸிலில் இன்னொரு பலவீனமான இடம் உண்டு. பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் நேராகப் போய்ச் சக்கரத்தில் முடியும். முன்னால் சக்கரம் சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் ஷாஃப்ட் இரண்டு துண்டாகி, சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் நேர்கோட்டில் ஒரு ஜாயிண்ட் வருகிறது. அது சிலுவை வடிவத் துண்டு வைத்த சாதாரண கிராஸ் ஜாயிண்டாக இருந்தால் கோணம் கூடக் கூட வேகம் சீராக இராது. 30 டிகிரி திரும்பிய நிலையில், உள் ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஷாஃப்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 0.87 மடங்குக்கு இறங்கி 1.15 மடங்குக்கு ஏறும். சுமையும் அதே மாதிரி ஏறி இறங்கும். "ஸ்டியரிங்கை ஒடிச்சு வச்சுக்கிட்டு மிதிக்காதீங்க" என்று மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான். இந்தக் குறையைப் போக்கத்தான் பந்துகள் வைத்த மாறா வேக ஜாயிண்டை ஆல்ஃபிரட் ர்செப்பா 1920களில் வடிவமைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்புகளிலேயே மாறா வேக ஜாயிண்டுகள் இருந்தன. பழைய ஆக்ஸில் வாங்கும்போது உள்ளே எந்த வகை ஜாயிண்ட் இருக்கிறது என்று சக்கரத்தோடு திரும்பும் முனைப் பகுதியான நக்கிளைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த லாரியின் ஆக்ஸிலும் ஆகுமா என்றால் ஆகாது. சாலையில் நாம் பார்க்கும் சரக்கு லாரிகளின் முன் ஆக்ஸில் வெறும் இரும்பு உத்தரம். சுமை தாங்கும், வண்டியை இழுக்காது. நமக்கு வேண்டியது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியின் முன் ஆக்ஸில். நம் நாட்டில் அது பெரும்பாலும் ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகளிலிருந்துதான் வருகிறது. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை நிசான் உரிமத்தில் தயாரித்த ஒரு டன் வண்டியும் ஜோங்கா என்ற ஜீப் வகை வண்டியும் இந்த வகையில் பேர்போனவை.

ஆக்ஸில் பட்டறைக்கு வந்து இறங்கியதும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணே, ஆக்ஸில் வந்துருச்சு. எப்ப மாட்டலாம்?"

"மாட்டுறது இருக்கட்டும் தம்பி. முதல்ல பல்லை எண்ணுங்க."

கிரவுன் வீலில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 4.88. வில்லிஸ் வகை ஜீப்புகளில் இது வழக்கமான எண். ஆக்ஸிலின் உறையான ஹவுசிங்கைத் திறக்காமலும் கண்டுபிடிக்கலாம். ஆக்ஸிலை ஸ்டாண்டில் ஏற்றி, பினியனின் வெளிமுனைத் தட்டான ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதிதான் ஹப்; ஒரு பக்க ஹப்பை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுபக்க ஹப்பை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுற்றைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் அந்த இரண்டு சுற்றைப் பாதியாக்கி ஒன்றாக வாங்கிக்கொள்ளும். சாக்பீஸ் கோடு ஐந்தாவது சுற்றை முடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது நின்றால் 4.88. நாலு சுற்று முடிந்து லேசாகத் தாண்டி நின்றால் 4.10.

முன்னால் 4.10, பின்னால் 4.88 என்று மாட்டிவிட்டால் என்ன ஆகும்? நான்கு சக்கர இழுப்பைப் போட்டதும் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசை கொண்டுபோகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பின்சக்கரம் 100 சுற்று சுற்றினால் முன்சக்கரம் 119 சுற்ற வேண்டியிருக்கும். கண்மாய்ச் சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிந்துவிடும். தார்ச்சாலையிலோ செம்புறாங்கல்லிலோ கழிய வழியில்லை. விசை ஷாஃப்டுகளுக்குள் முறுக்கேறிக்கொண்டே போய் எது பலவீனமோ அதை உடைக்கும். பலமான ஆக்ஸில் போட்டவர் டிரான்ஸ்ஃபர் கேஸை இழந்து நிற்பது இப்படித்தான். விகிதம் பொருந்தாவிட்டால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு செட்டின் கிரவுனை இன்னொரு செட்டின் பினியனோடு சேர்த்தால் இரைச்சலில் தொடங்கிப் பல் உதிர்வதில் முடியும்.

டிஃபரன்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வில்லிஸ் வகை ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் போகும் ஷாஃப்ட் வலப்பக்கம் இறங்குகிறது. உருண்டையும் வலப்பக்கம்தான் இருந்தாக வேண்டும். இடப்பக்க ஆக்ஸில் கிடைத்துவிட்டது, தலைகீழாகத் திருப்பி மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். திருப்பினால் கிரவுன் வீல் பினியனுக்கு மறுபுறம் போய்விடும். பின்சக்கரம் முன்னோக்கியும் முன்சக்கரம் பின்னோக்கியும் சுற்றும்.

இனி கோணம். இந்த வேலையில் அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். சாய்வு சரியாக இருந்தால் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, திரும்பும் அச்சுக்குப் பின்னால் விழும். ஸ்டியரிங்கை விட்டால் சக்கரம் தானே நேராகும். சாய்வு குறைந்தால் வண்டி சாலையில் அலையும், வேகத்தில் ஸ்டியரிங் உதறும். அளக்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். வண்டி சம தரையில் நிற்க, கிங் பின் கோட்டில் 150 மி.மீ. உயர வித்தியாசத்துக்கு மேல்புள்ளி 10.5 மி.மீ. பின்னால் இருந்தால் 4 டிகிரி.

சிக்கல் என்னவென்றால் பினியனும் கிங் பின்னும் ஒரே ஹவுசிங்கில் இருக்கின்றன. ஸ்பிரிங்கை உயர்த்திய ஜீப்பில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடிவிடும். கிராஸ் ஜாயிண்டின் கோணத்தைக் குறைக்க, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியனின் மூக்கை 4 டிகிரி தூக்குகிறோம் என்று வையுங்கள். முன் ஆக்ஸிலில் பினியன் பின்னோக்கிப் பார்க்கிறது. அதன் மூக்கு மேலே போனால் கிங் பின்னின் தலை முன்னால் வரும். இருந்த 4 டிகிரி காஸ்டர் முழுவதும் போய்விடும். சரியான வழி, ஹவுசிங்கின் முனையில் நக்கிளைத் தாங்கும் பகுதியை வெட்டித் திருப்பி மறுபடி வெல்டு செய்வது. அது எல்லாப் பட்டறைக்கும் ஏற்ற வேலை இல்லை. முடியாத இடத்தில் காஸ்டரைக் காப்பாற்றுங்கள், ஜாயிண்ட் கோணத்தை விட்டுக்கொடுங்கள் என்பேன். கிராஸை மாற்றிக்கொள்ளலாம், நேராக ஓடாத வண்டியை என்ன செய்வது?

திரும்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. நம்மூர்க் கோயில் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை போட்டு, சக்கரத்தைத் தரையோடு தேயவிட்டுத்தான் தெரு முனையில் திருப்புகிறார்கள். ஜீப் அப்படித் தேயாமல் திரும்ப வேண்டுமென்றால் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்து, 1818இல் லண்டனில் ஆக்கர்மன் பெயரில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எவ்வளவு அதிகம் என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. வில்லிஸ் ஜீப்பில் அது 80 அங்குலம், ஏறக்குறைய 2.03 மீட்டர். உள்சக்கரம் 30 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் 23 டிகிரி திரும்புவது சரி. அந்தத் தூரம் 3 மீட்டராக உள்ள லாரிக்குச் செய்த ஸ்டியரிங் கைகள் வெளிச்சக்கரத்தை 25 டிகிரிக்குத் திருப்பிவிடும். சேற்றில் இது தெரியாது. தார்ச்சாலையில் வளைத்துத் திருப்பும்போது டயர் கிறீச்சிடும், சீக்கிரம் தேயும்.

லாரி ஆக்ஸில் அகலமும் கூட. முன்சக்கரம் அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே பின்சக்கரம் உருண்டால் சேற்றில் இழுப்பு எளிது. தடம் விலகினால் பின்சக்கரம் புதுச் சேற்றை உழ வேண்டியிருக்கும். ஹவுசிங்கை வெட்டிக் குறுக்கலாம். ஆனால் ஷாஃப்டையும் குறுக்கிப் நுனியில் புதிதாக ஸ்பிளைன் என்ற பள்ளங்களை வெட்ட வேண்டும். மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட ஷாஃப்டில் வெட்டிய இடம் மென்மையாகிவிடும், மறுபடி சூடாக்கிக் கடினப்படுத்தாவிட்டால் அங்கேயே முறுகும். அதைவிட அதே வண்டியின் பின் ஆக்ஸிலையும் சேர்த்து வாங்குவது மேல். விகிதம், அகலம், சக்கர போல்ட் மூன்றும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். ஜீப்பின் ஹப்பில் 139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். லாரியில் ஆறோ அதற்கு மேலோ. முன்னும் பின்னும் வேறு வேறு என்றால் ஒரே ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு கருவேல முள் குத்தும் ஊரில் என்ன செய்வது?

பிரேக்கில் ஒன்றுதான். லாரியின் வீல் சிலிண்டர் பெரிது, அதிக எண்ணெய் கேட்கும். பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் தரைவரை இறங்கும்.

வெல்டிங்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கொதிகலன் வேலையில் கை பழகிய வெல்டர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஒரே மூச்சில் வெல்டு செய்தால் குளிரும்போது உலோகம் சுருங்கிக் குழாய் வளைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் வார்ப்புப் பகுதியை முன்கூட்டியே சூடேற்றாமல் தொடக் கூடாது.

கண்மாய்க்காரர்களுக்கென்றே ஒரு விஷயம். ஓடிவந்த ஆக்ஸிலின் உட்புறம் 70 டிகிரி சூட்டில் இருக்கும். 28 டிகிரி தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று எட்டில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளே 4 லிட்டர் காற்று இருந்தால் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயில் வெளுத்துப் போயிருந்தால் காரணம் இதுதான். ஆக்ஸில் மூச்சுவிடும் துளையான பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். இந்த வேலை முழுவதிலும் இதைவிட மலிவான, பயனுள்ள மாற்றம் வேறில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதி செய்தது. இப்படிச் செய்த ஜீப் சொந்த நிலத்துக்கும் போட்டிக் களத்துக்கும்தான். அங்கே அதை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

முதல் ஓட்டம் மெதுவாக, காய்ந்த தரையில், இரண்டு சக்கர இழுப்பில் இருக்கட்டும். நிறுத்தியதும் ஹப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகள் உட்கார்ந்ததும் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் தளரும், மறுபடி முடுக்க வேண்டும். அப்புறம் கியர் ஆயிலை வடித்து, வடிகால் போல்டில் ஒட்டியிருக்கும் தூளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருந்தால் தேய்மானம், ஓட்டலாம். நகத்தில் சிக்குகிற துணுக்காக இருந்தால் கண்மாயில் இறங்கும் முன் ஹவுசிங்கைத் திறந்துவிடுங்கள்.