பாடசாலையை விட்ட பிறகும் பூச்சி மருந்து உண்டு

பாடசாலையில் படிக்கும்போது வயிற்றுப் புழுவுக்கான மாத்திரை வகுப்புக்கே வந்தது. 500 மில்லிகிராம் மெபெண்டசோல் ஒன்றை மென்று விழுங்கினால் வேலை முடிந்தது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கொழுந்து பறிக்கவோ கொழும்புக் கடை வேலைக்கோ போன பிறகு அப்படிக் கையில் வைத்துத் தர ஆள் இல்லை. அதனால் அது சின்னப் பிள்ளைகளின் மருந்து என்றே பலரும் நினைக்கிறார்கள். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் எந்த வயதுக்காரரும் காட்டி இலவசமாக மருந்து எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்ததும் கிளினிக்கிலேயே கொடுக்கிறார்கள். மற்றவர்கள் போய்க் கேட்க வேண்டும். புழுத்தொற்று அதிகமுள்ள இடங்களில் 15 முதல் 49 வயது வரையான பெண்களுக்கும் இந்த மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தேயிலைத் தோட்டங்களுக்கு இது புதுக்கதை அல்ல. கொக்கிப்புழுவை ஒழிக்க 1916-இலேயே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அமைப்பு மாத்தளைப் பக்கம் வேலை தொடங்கியது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது இந்தப் புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. வயிற்றுவலிகூட இல்லாமல் இருக்கலாம். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், படபடக்கும், எதிலும் மனம் ஓடாது. வீட்டில் சோம்பேறி என்று பேச்சு வாங்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு உண்மையில் இரத்தசோகையாகவும் இருக்கலாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் குறைவு. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, மருந்து கையில் வந்த பிறகுதான் சிக்கல். ஒரே வேளை மாத்திரை என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் கொக்கிப்புழுவுக்கு ஒரு வேளை மெபெண்டசோல் பல நேரம் போதாது. அப்போது 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலை, மாலை என்று மூன்று நாள் கொடுப்பார்கள், மொத்தம் ஆறு. முதல் நாள் இரண்டைப் போட்டுவிட்டு, “புழு ஒன்றும் விழவில்லையே” என்று மிச்சத்தை அலுமாரியில் வைப்பவர்கள் உண்டு. கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். செத்து வெளியே போனாலும் கண்ணில் படாது. விழுந்ததா இல்லையா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். லேசாக வயிறு வலித்தாலோ இளகிப் போனாலோ பயப்பட வேண்டியதில்லை, தானாகவே நின்றுவிடும். மிச்சம் வைத்த மாத்திரையைத் தம்பிக்குக் கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பமாகவும் இருக்கலாம்; மாத்திரையைப் போடுவதற்கு முன்பே மருந்து தருபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்ற கணக்கு எனக்கும் தெரியும். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேளுங்கள். லயத்து வீடுகளுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். இல்லாவிட்டால் கிளினிக் நாள் எது என்றாவது அவர்கள் சொல்வார்கள்.

இரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். அதை மட்டும் பிளேன்டியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீரைக் குடியுங்கள்.