எதுவும் களவு போகவில்லை என்பது விடுதலைக்கு வழியாகாது

“ஒரு குந்துமணித் தங்கம்கூட எடுக்கவில்லை ஐயா, பிறகு எப்படி 14 ஆண்டுப் பிரிவில் வழக்குப் போட்டார்கள்?” என்று கேட்டபடி மகனுடைய முதல் தகவல் அறிக்கையை வழக்கறிஞரான என் மேசையில் வைத்தார் ஒரு தாய். இதே கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லி மனம் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆம் பிரிவு தண்டிப்பது திருட்டை அன்று. திருடும் எண்ணத்துடன் வீட்டை உடைத்துப் புகுந்த செயலை. பூட்டைத் திறந்து நுழைவதும், சுவரேறி மாடி வழியே இறங்குவதும் உடைத்துப் புகுதலே. முழு உடலும் உள்ளே போக வேண்டியதில்லை. நெம்பிய ஜன்னல் கம்பிகளுக்கிடையே முழங்கை வரை சென்றிருந்தாலும் அது நுழைவுதான். பீரோ காலியாக இருந்ததால் வெறுங்கையோடு திரும்பியவர் மீதும், நாய் குரைத்ததும் ஓடிவிட்டவர் மீதும் குற்றம் அப்படியே நிற்கும். நோக்கம் திருட்டென்றால் பகலில் 10 ஆண்டு வரையும், சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் என்றால் 14 ஆண்டு வரையும் சிறை உண்டு. பொருளும் போயிருந்தால் 305ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை தனித் தண்டனை.

ஆகவே எதிர்வாதம் நிற்க வேண்டிய இடம் நோக்கம். வீட்டுக்காரர் அனுமதித்திருந்தாரா, இருட்டில் வீடு மாறி நுழைந்தாரா, நுழைந்தவர் இவர்தானா என்பவற்றையே நாங்கள் குறுக்கு விசாரணையில் துருவுகிறோம். திருடும் எண்ணத்தை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கத் தவறினால் வழக்கே விழலாம், அல்லது 3 ஆண்டு வரையிலான பிரிவுக்குச் சுருங்கலாம்.

இதையெல்லாம் குடும்பத்தாரே கெடுத்துவிடுகிறார்கள். “பையன் தெரியாமல் செய்துவிட்டான், மன்னித்துவிடுங்கள்” என்று புகார்தாரருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், பையனையும் கையெழுத்திட வைக்கிறார்கள். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது. அது காட்டிக்கொடுத்த பொருள் கைப்பற்றப்பட்டால் மட்டும் அந்த அளவுக்கு ஏற்கப்படும். ஆனால் புகார்தாரர் கையில் இருக்கும் அந்தக் கடிதத்துக்கு இந்தத் தடை கிடையாது. இரவில் திருடுவதற்காகப் புகுந்த குற்றமோ சமரசத்தால் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமன்று. அந்தத் தாயின் கோப்பிலும் அப்படியொரு கடிதத்தின் நகல் இருந்தது.

தயவுசெய்து எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். காவல் துறை விசாரணையில் எழுதிக்கொள்ளப்படும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை. கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பதால் கைதான நேரத்தைக் குறித்து வையுங்கள். சம்பவ நாளில் 18 வயது நிறையாத பிள்ளையாயின், பள்ளிச் சான்றிதழுடன் அன்றைக்கே வழக்கறிஞரிடம் வாருங்கள்; அவனை விசாரிக்க வேண்டியது இளைஞர் நீதிக் குழுமம்.