மதுரையில் உங்கள் தெரு ரோடு: யார் போடுவது, எந்தப் பணத்தில்?

மதுரைக்குள் இருக்கும் ரோடு எல்லாமே மாநகராட்சியுடையது இல்லை. பெரிய சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. கோரிப்பாளையம் மேம்பால வேலையை அந்தத் துறை எடுத்ததும் அதனால்தான். 100 வார்டுகளுக்குள் ஓடும் தெருவும் சந்தும்தான் மாநகராட்சி பொறுப்பு. நெடுஞ்சாலைப் பள்ளத்துக்காகக் கவுன்சிலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? புது ரோட்டுக்கும் பராமரிப்புக்கும் வழி வேறு வேறு. ரோட்டைப் புதிதாகப் போட, பெரும்பாலும் மாநில அரசின் திட்ட நிதிதான்: நகர்ப்புற சாலை மேம்பாட்டுத் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை. மாநகராட்சி எந்தெந்தத் தெரு என்று பட்டியல் போட்டு மதிப்பீட்டோடு அனுப்பும். அனுமதி வந்தபின் டெண்டர். பட்டியலில் உங்கள் தெரு இல்லையென்றால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பள்ளம் அடைப்பது, விரிசல் பூசுவது போன்ற சில்லறை வேலைகளுக்குப் பெரும்பாலும் மாநகராட்சியின் சொந்த நிதியைத்தான் நம்ப வேண்டும். சொத்து வரியும், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு தரும் வரிப் பங்கும் அதில் வந்து சேரும். சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம் எல்லாம் போவதும் அதிலிருந்தே. அதனால் உங்கள் தெருப் பள்ளம் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறது. என்னைக் கேட்டால் மதுரை ரோடுகளின் முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. புது ரோட்டுக்குப் பூமி பூஜை உண்டு, விரிசலுக்கு யார் போடுவார்?

விரிசலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தார் ரோட்டுக்கு எதிரி வண்டியை விடத் தண்ணீர். ஐப்பசி மழை விரிசல் வழியே இறங்கி, அடியில் உள்ள ஜல்லி அடுக்கை இளக்கிவிடும். அப்புறம் ஒரு தண்ணீர் லாரி போனாலே மேல்தார் உள்வாங்கும். பேட்ச் ஒர்க் என்றால் பள்ளத்தின் ஓரத்தை நேராக வெட்டி, தூசியைக் கூட்டி, தார் தெளித்து, சூடான கலவையைப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். ஈரப் பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும்.

இன்னொன்று, ரோட்டின் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் வராமல் ரோலர் மட்டும் வந்தால் கேளுங்கள். இல்லையென்றால் ரோடு உயர்ந்துகொண்டே போய், மழைத்தண்ணீர் உங்கள் வாசல்படிக்கு வரும்.

குழாய் வேலை முடியாத தெருவில் ரோடு கேட்டு அவசரப்பட வேண்டாம். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாதாள சாக்கடைக்கு ஒரு தடவை, முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை என்று தோண்டுவார்கள். வீட்டு இணைப்புக்குத் தோண்டுவதானாலும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, ரோட்டைச் சீர்செய்யும் கட்டணம் கட்ட வேண்டும்.

தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பத்து வீடு உள்ள சந்துக்குப் பேவர் பிளாக் போட இது ஒத்துவரும். நீளமான தெருவுக்குக் கட்டுப்படியாகாது.

கோரிக்கை வைக்கச் சரியான இடம், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டம். ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மழைக்கு முந்தைய செப்டம்பர் கூட்டத்தை விடாதீர்கள். வாயால் சொல்லாமல், போட்டோவோடு எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

போட்ட ரோடு சீக்கிரமே பெயர்ந்தால், ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடியும்வரை ஒப்பந்ததாரர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் எவ்வளவு, தார் எத்தனை மில்லிமீட்டர், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.