பாட்டி பொறுக்கிப் போட்ட அரிசி

பெரும்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை சமையல் வகுப்புக்கு வரும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, ஒருநாள் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே கொஞ்சம் அரிசி. "ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்க மிஸ். தண்ணியில போட்டா மிதக்குது பாருங்க. எங்க ஆயா தினமும் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் உலை வைக்கும்."

சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவளுக்கு ரத்தம் பரிசோதித்திருந்தார்கள். ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஆயா பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது பிளாஸ்டிக் அல்ல, பேத்திக்கு வேண்டிய இரும்புச்சத்து.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி பரவலாக வந்தது 2023-இல். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவிலேயே இயந்திரத்தில் பிழிந்தெடுத்த மணிகள் அதில் இருக்கும். கிலோவுக்குச் சுமார் 10 கிராம்தான். நிறம் லேசாக வேறுபடும், சில மணிகள் மிதக்கவும் செய்யும். இதை யாரும் அந்த ஆயாவுக்குப் புரியும்படி சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வரை, அரிசியில் கிடக்கும் அரிசி அல்லாததைப் பொறுக்கி எறிவதுதான் நல்ல சமையல். அதில் என்ன தப்பு?

"அது பிளாஸ்டிக் இல்லம்மா" என்று சொல்லி முடித்திருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடம் மருத்துவமனையில் டயட் சார்ட் எழுதிக் கொடுத்த பழக்கத்தில், முதல் வகுப்புக்கு ஓட்ஸ், பாதாம், ஆப்பிள் என்று படம் காட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை.

அதனால் இந்த முறை முதலுதவிப் பெட்டியிலிருந்து பெட்டாடினை எடுத்தேன். அதில் இருப்பது அயோடின். மாவுச்சத்தோடு சேர்ந்தால் கருநீலமாகும். இரண்டு சொட்டை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து, மிதக்கும் மணியை நசுக்கி அதன்மேல் விடச் சொன்னேன். நீலம். சாதாரண அரிசியை நசுக்கி விட்டாள். அதுவும் நீலம். அப்புறம் வகுப்பே பெட்டாடினுக்கு அடித்துக்கொண்டது. பிஸ்கட், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாவற்றிலும் ஊற்றிப் பார்த்தார்கள். வெங்காயம் ஏன் நீலமாகவில்லை என்று ஒரு பையன் கேட்டான். நான் படம் காட்டிய நாளில் ஒரு கேள்விகூட வரவில்லை. (சோதித்ததைச் சாப்பிடக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும்.)

ஆப்பிளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. ஆப்பிளிலும் மாதுளையிலும் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதைவிட முருங்கைக்கீரையில் பல மடங்கு உண்டு. அதையும் தாண்டியது ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்). அவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டால், முதலில் சாம்பார், ரசம் என்றுதான் சொன்னார்கள். சுவரொட்டி, ரத்தப் பொரியல், பீஃப், கருவாடு எல்லாம் வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று. நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். மருத்துவமனைச் சுவரில் மாட்டும் சத்துணவு அட்டவணைகளில் இவை இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் இருப்பது ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர். ஃப்ரிட்ஜ் கிடையாது. பல பிள்ளைகளின் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் அது நல்லதாகவே போயிற்று. அடிக்கடி செய்வது பருப்பு போட்ட கீரைக்கூட்டு: நான்கு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு. ரேஷனில் கிலோ 30 ரூபாய், ஆக நாலரை ரூபாய். அதிலேயே ஆளுக்குச் சுமார் 8 கிராம் புரதம் வந்துவிடும். முருங்கைக்கீரை தெருமுனை மரத்திலிருந்து. இறக்கி ஆறவிட்டு எலுமிச்சை பிழிய வேண்டும். கீரையில் உள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும், கொதிக்கும்போது பிழிந்தால் அதில் ஒரு பங்கு வீணாகிவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீயில் உள்ள டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது, அது ஐந்தாம் வகுப்பு வரை. மதிய சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் ஒன்னில் இரண்டும் இல்லை. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. தேவை ஏறும் வயதில் தட்டு காலியாகிறது. அந்த இடத்தை நிரப்புவது பத்து ரூபாய் சிப்ஸும் கூல்டிரிங்கும்தான்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பேர் ஜன்னல் வழியே எறிவதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். கறுப்பாகப் போவது இயல்புதான். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். அரிசி கொண்டுவந்த பெண்ணுக்கு இருந்த ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டும் போதாது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், மருத்துவர் சொன்னபடி மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பையன்களை உள்ளே இழுத்தது முட்டை. ஜிம்முக்குப் போகிறவர்கள், புரோட்டீன் பவுடர் விலை விசாரித்தவர்கள். ஆறேழு ரூபாய் முட்டையில் 6 கிராம் புரதம் என்றதும் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அதிக நேரம் வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி ஏன் பச்சை வளையம் என்று கேட்டு நான் பதில் சொன்ன பிறகு (வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்த வேலை அது), முட்டை அவிப்பது அவர்கள் பொறுப்பாகிவிட்டது.

அரிசிக் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஆயா முன்னால் அதே சோதனையைச் செய்திருக்கிறாள். ஆயா மசியவில்லை. "மருந்த ஊத்துனா எதுதான் நீலமாவாது?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது, அதை நான் வகுப்பில் யோசிக்கவே இல்லை. இவள் தண்ணீர் பாட்டில் மூடியைக் கத்தரித்து அதன்மேலும் இரண்டு சொட்டு விட்டுக் காட்டியிருக்கிறாள். மூடி நீலமாகவில்லை.

இப்போது ஆயா பொறுக்குவதில்லையாம். சாப்பிட்டவுடன் டீயை மட்டும் விட மாட்டேன் என்கிறாராம்.