பறை வகுப்பு, நாடகப் பயிற்சி, ஓவியக் கூடம் எல்லாவற்றுக்கும் போக்சோ உண்டு: நடத்துபவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விளக்கம்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிரச்சினை என்றால் தலைமையாசிரியரைக் கேட்கலாம், அவர் சரியில்லை என்றால் கல்வி அலுவலரிடம் போகலாம் என்று பெற்றோருக்குத் தெரியும். சமுதாயக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ சனி, ஞாயிறுகளில் நடக்கிற பறை, சிலம்பம், பரதம், நாடகம், ஓவிய வகுப்புகளில் அப்படி யாரைக் கேட்பது? பெரும்பாலும் மாஸ்டர்தான் எல்லாம். நடத்துபவர்களும், "நாங்கள் என்ன பள்ளியா? ஆர்வத்தில் செய்கிறோம், பதிவுகூடக் கிடையாது, எங்களுக்கு எந்தச் சட்டம் வரப்போகிறது" என்றுதான் நினைக்கிறார்கள்.

வரும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, இடத்தைப் பார்ப்பதில்லை. 18 வயது நிறையாத யாரும் அதன்படி குழந்தை, ஆண், பெண், திருநர் என்ற வேறுபாடு இல்லை. பையன்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு நம்மிடம் ரொம்ப ஆழமாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. அதே குற்றத்தை வெளியாள் செய்வதைவிடக் கலை ஆசிரியர் செய்தால் தண்டனை கூடுதல். சட்டத்தின் 5ஆவது, 9ஆவது பிரிவுகள், குழந்தைக்குச் சேவை தருகிற நிறுவனத்தின் உரிமையாளர், நிர்வாகி, ஊழியர் ஆகியோரையும், குழந்தை நம்புகிற இடத்தில் அல்லது அதன்மேல் அதிகாரம் உள்ள இடத்தில் இருக்கிறவரையும் தனியாகப் பிரித்து, அவர்கள் செய்வதைக் கடுமைப்படுத்தப்பட்ட குற்றம் என்கின்றன. உதாரணமாக, பாலியல் நோக்கத்தோடு தொடுவதற்கு 8ஆவது பிரிவின்படி 3 முதல் 5 ஆண்டு சிறை, அதையே குழந்தை நம்பிப் போகிற குரு செய்தால் 10ஆவது பிரிவின்படி 5 முதல் 7 ஆண்டு. வல்லுறவு என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட பொறுப்பில் இருக்கிறவருக்குக் குறைந்தது 20 ஆண்டு, அதற்கு மேல் ஆயுள் அல்லது மரண தண்டனை வரை. காலில் விழுந்து கும்பிட்டுக் கற்றுக்கொள்கிற ஒரு துறையில், குழந்தையால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பதைச் சட்டம் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறது.

சரி, அடவு திருத்தும்போதும் கம்பு பிடிக்கும் கையைச் சரிசெய்யும்போதும் தொடத்தானே வேண்டும், அதுவும் குற்றமா என்று மாஸ்டர்கள் கேட்பார்கள். இல்லை. பாலியல் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். ஆனால் போக்சோ வழக்கில் அந்த நோக்கம் இருந்ததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் (பிரிவு 30). துணிக்கு மேலே தொட்டால் அது போக்சோவின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று ஒரு உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் தொட்டுத் திருத்துவதற்கு முன் "கையைப் பிடிக்கட்டுமா" என்று கேட்பது, மற்றவர்கள் இருக்கும்போது மட்டும் செய்வது, முடிந்தவரை தானே செய்து காட்டுவது என்ற பழக்கங்கள் குழந்தைக்குப் பாதுகாப்பு, நல்ல ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

தொடுவது மட்டும்தான் குற்றம் என்றும் இல்லை. பாலியல் நோக்கத்தோடு பேசுவது, சைகை செய்வது, பின்தொடர்வது, திரும்பத் திரும்ப போனிலோ செயலியிலோ தொடர்புகொள்வது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாம் 11ஆவது பிரிவில் பாலியல் தொந்தரவு, 3 ஆண்டு வரை சிறை. இரவு 11 மணிக்கு மாணவிக்குத் தனியாக "தூங்கிட்டியா?" என்று அனுப்புகிற ஆசிரியரை "அன்பானவர், அப்படித்தான் பேசுவார்" என்று மற்றவர்கள் மூடி மறைக்கிற வழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

இளைஞர் குழுக்களில் அடிக்கடி வருகிற சிக்கல் வேறொன்று. கற்றுக்கொடுக்கிற அண்ணனுக்கு 21 வயது இருக்கும், கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு 16 அல்லது 17. இருவரும் விரும்பினோம் என்பார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்தைப் போக்சோ சம்மதமாகவே எடுத்துக்கொள்ளாது. இந்த வயதுக் காதல்கள் வழக்காகி இளைஞர்கள் சிறைக்குப் போவதைப் பற்றி நீதிமன்றங்களே கவலை தெரிவித்திருக்கின்றன, அந்த விவாதம் நியாயமானதுதான், ஆனால் சட்டத்தில் வயது மாறவில்லை. ஆகவே உதவிக்கு வருகிற இளைஞர்களிடம் முதல் நாளே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டால் கெடுவது இரண்டு பேர் வாழ்க்கை.

வகுப்பு நடத்துகிறவர் செய்ய வேண்டியது

2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் 3ஆவது விதி இதைச் சொல்கிறது. குழந்தைகளோடு வழக்கமாகத் தொடர்பில் இருக்கிற எந்த நிறுவனமும், பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சியகம், குழந்தைகளுக்கான வேறு எந்த இடமானாலும், அங்கே குழந்தையோடு தொடர்பில் வருகிற ஒவ்வொரு ஊழியருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும். ஒருமுறை செய்து கோப்பில் வைத்துவிட்டால் போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி செய்ய வேண்டும். கற்பிக்கிறவர், கற்பிக்காதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் இல்லை. குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும். கலை வகுப்பு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லையே என்று வாதாடலாம், "வேறு எந்த இடமும்" என்பதில் அடங்கிவிடும். பதிவு செய்த அமைப்புக்கு மட்டும் என்றும் விதி சொல்லவில்லை.

விதி பேசுவது ஊழியர்களைப் பற்றித்தான். சம்பளம் வாங்காமல் வருகிற தன்னார்வலர்கள், வேன் ஓட்டுகிறவர், ஒப்பனைக்கு வருகிறவர், போட்டோ எடுக்கிறவர் ஆகியோருக்கும் செய்யுங்கள் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சான்று வந்துவிட்டது என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இதுவரை யாரும் புகார் கொடுக்காத ஆளின் சான்று சுத்தமாகத்தான் வரும். இதற்கு முன் எங்கே கற்றுக்கொடுத்தார், ஏன் அங்கிருந்து வந்துவிட்டார் என்று பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது பல நேரம் சான்றைவிட அதிகம் சொல்லும்.

அதே விதி, குழந்தைகள் மீதான வன்முறையைத் துளியும் பொறுக்காத ஒரு பாதுகாப்புக் கொள்கையை மாநில அரசு வகுக்க வேண்டும், குழந்தைகளோடு வேலை செய்கிற எல்லா அமைப்புகளும் அதைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. கொள்கை என்றவுடன் பயந்துவிட வேண்டாம். ஒரு சிறு குழுவுக்கு அரைப் பக்கம் போதும். கதவு மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது. உடை மாற்றுகிற இடம் தனியாக, தாழ்ப்பாளோடு, போன் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாமல் பெற்றோர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெளியூர் நிகழ்ச்சிக்குப் போனால் யார் யார் கூட வருகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று பெற்றோருக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். கலை நிகழ்ச்சியில் கவனமாக இருக்க வேண்டிய நேரம், மேடைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான். எல்லோரும் பரபரப்பில் இருப்பார்கள், அரைகுறை உடையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், யார் உள்ளே வந்தார் யார் போனார் என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவரை அந்தக் கதவில் நிறுத்துங்கள்.

அடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளம் தப்பினால் தட்டுக்கழியால் ஒன்று வைப்பது பரம்பரை வழக்கம் என்று இன்னும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆவது பிரிவில், தன் பொறுப்பில் இருக்கிற குழந்தையை அடித்து வதைத்து, தேவையில்லாத உடல், மன வேதனை தருபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. குழந்தையின் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பின் நிர்வாகியோ ஊழியரோ செய்தால் 5 ஆண்டு வரை, 5 லட்சம் ரூபாய் வரை.

குழுவில் இருக்கிற 14 வயது நிறையாத பிள்ளைகளைப் படப்பிடிப்புக்கோ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கோ வணிக நிகழ்ச்சிக்கோ அழைத்தால் குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளும் சேர்ந்துகொள்ளும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும், ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். குழந்தைக்கு விருப்பம் இல்லை என்றால் யாரும் வற்புறுத்த முடியாது, அப்பா அம்மா உட்பட.

ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தால்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கும் என்றால் இது இருக்கட்டும்: குழுவுக்குள் பேசித் தீர்ப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ, குழந்தைகள் தொடர்பான வழக்குகளுக்கென்றே இருக்கிற சிறப்பு சிறார் காவல் அலகுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை, கூடவே அபராதம். "அவரை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டோம், மன்னிப்புக் கடிதம் வாங்கிவிட்டோம், குழுவின் பெயர் கெட்டுவிடும்" என்று சொல்லி முடித்துவைக்கிற கூட்டம் நடத்தியவர்களுக்கே அது வழக்காகத் திரும்பும். நிறுத்தப்பட்ட ஆள் அடுத்த தெருவில் வேறொரு வகுப்பு ஆரம்பிப்பார் என்பது தனிக் கதை.

நிரூபிக்க ஆதாரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். விசாரிப்பது காவல்துறையின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19ஆவது பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே, பழிவாங்கப் பொய்ப் புகார் கொடுக்கிற பெரியவருக்குத்தான் தண்டனை, குழந்தைக்கு அதுவும் கிடையாது.

குழந்தை உங்களிடம் வந்து சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. துருவித் துருவிக் கேட்காதீர்கள், மாஸ்டரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். அப்புறம் 1098க்கோ 112க்கோ அழையுங்கள், அல்லது நேரே காவல் நிலையம் போங்கள், பக்கத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருந்தால் அங்கே. 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் இயங்குவது, குழந்தையே அழைக்கலாம். சம்பவம் நடந்த இடம் வேறு எல்லை என்று சொல்லி எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது.

அதற்குப் பிறகு குழந்தைக்கு என்னென்ன உரிமை என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பெற்றோரோ குழந்தை நம்புகிற வேறொருவரோ கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்று மருத்துவமனை பரிசோதனையை மறுக்க முடியாது, சிகிச்சைக்குப் பணமும் கேட்க முடியாது, தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள், குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். அந்தக் குழு, வழக்கு முடியும்வரை கூட வருவதற்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், குழந்தைக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். விசாரணை மூடிய நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை பார்க்காதபடி நடக்கும். வழக்கு முடிவதற்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. கூடியவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது, அதற்குத் தயாராக இருப்பது நல்லது.

பெயர், படம், முகவரி, பள்ளி, ஏன் எந்தக் கலைக்குழு என்பதைக்கூட வெளியில் விடாதீர்கள். குழந்தையை அடையாளம் காட்டுகிற எதையும் ஊடகத்தில் வெளியிடுவது 23ஆவது பிரிவில் குற்றம், 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். குற்றவாளியை அம்பலப்படுத்துகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ சுற்றவிடுகிறவர்கள் அடையாளம் காட்டுவது அந்தக் குழந்தையைத்தான், அவர்கள் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல், "பெரிய மனிதர், பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பினால், புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு நகல். அப்படியும் நகரவில்லை என்றால் நீதிமன்றத்தை அணுகலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் அதற்கு உதவுவார். நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற அதிகாரியிடம் 21ஆவது பிரிவையும் மரியாதையாக நினைவுபடுத்தலாம். தகவல் சொல்லாத பொதுமக்களுக்கு இருக்கிற அதே 6 மாதத் தண்டனை, சொன்ன தகவலைப் பதிவு செய்யாத அதிகாரிக்கும் அதில் எழுதியிருக்கிறது.